ஆட்டுக்குச் சொன்ன வம்சம்

கம்பசில் கடைசி வருடம் எனக்குக் கிடைத்த ஆய்வுத் தலைப்பை வீட்டில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. அதற்கு ‘ஹெல்பர் திரெட்’ என்று பெயர். தமிழில் சொன்னால்தான் எங்கள் தீவு ஊரான நாரந்தனைக்கு விளங்கும் என்று நினைத்து, ‘உதவி நூல்’ என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

அப்பா, நான் பரீட்சைக்கு உதவுகிற புத்தகங்களைப் பற்றி ஏதோ எழுதுகிறேன் என்று எடுத்துக்கொண்டார். தன்னுடைய பழைய விஞ்ஞானக் கைநூல்களைத் தூசி தட்டி என் மேசையில் அடுக்கிவிட்டு, “வேணுமெண்டா புவியியலும் இருக்கு” என்றார். வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற அண்ணை சொந்தமாக வலை பின்னுகிறவர். “எத்தினையாம் நம்பர் நூல் தங்கச்சி, நைலோனோ?” என்று கேட்டார். அம்மா, எஞ்சினியருக்குப் படிக்க அனுப்பிய பிள்ளை தையலில் போய் முடிந்துவிட்டதே என்று ஒரு பார்வை மட்டும் பார்த்தார்.

விஷயம் இவ்வளவுதான். கணினிக்குள் இருக்கிற புரோசசர் கணக்குப் போடுவதில் சூரன். ஆனால் கணக்குக்கு வேண்டிய எண்களெல்லாம் மெமரியில் கிடக்கும், அது அதற்குத் தூரத்து ஊர். ஓர் எண் தேவைப்பட்டால் அங்கே சொல்லியனுப்பிவிட்டு, வரும்வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சில வேலைகளை இரண்டாகப் பிரித்து இரண்டு பேரிடம் கொடுக்கலாம். சிலதைப் பிரிக்க ஏலாது. ஒவ்வொரு படியும் முந்தின படியின் விடையில் தொங்கிக்கொண்டிருக்கும், ஒருவர்தான் தொடங்கி ஒருவர்தான் முடிக்க வேண்டும். அப்படிப்பட்ட வேலைக்கு முன்னால் ஒரு துணையாளை ஓடவிடுவதுதான் என் ஆய்வு. துணையாள் முழு வேலையும் பார்க்க மாட்டார். அடுத்ததாக எந்த எண் தேவைப்படும் என்று மட்டும் பார்த்து, அதை முன்கூட்டியே எடுத்துவந்து, பெரியவரின் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார். விடை சொல்கிற உரிமை அவருக்கு இல்லை.

படத்தில் வரைந்தால் வடிவாகத்தான் இருந்தது. ஓடவிட்டால் என் துணையாள் கண்மண் தெரியாமல் முன்னுக்கு ஓடி, வேண்டாத எண்களையெல்லாம் அள்ளிவந்து கொட்டி, வேண்டிய எண்களை வெளியே தள்ளி, சில வேளை பெரியவரின் விடையையும் அழித்து எழுதிவிட்டார். துணை போட்ட பிறகு வேலை முன்னையைவிட மெதுவாக நடந்தது. அந்த விசரோடுதான் நான் அந்த லீவுக்கு வீட்டுக்கு வந்தேன்.

அது சண்டை ஓய்ந்திருந்த சமாதானக் காலம். தெற்கிலிருந்து யாழ்ப்பாணம் வருகிற பாதை திறந்திருந்தது. வெளிநாட்டுக்குப் போன எங்கள் சனம் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக வந்து, சாட்டிக் கடலில் குளித்து, முதுகு உரிந்து போய்க்கொண்டிருந்தது. அப்படி முதுகு உரிந்தவர்களில் இறுப்பிட்டியைச் சேர்ந்த ஒரு தம்பதியும் இருந்தார்கள். கனடாவில் மூத்த மகனோடு இருப்பவர்கள். அவர்களுடைய இளைய மகன் இங்கே தங்கி என் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தார். கட்டினால் அவரைத்தான் கட்டுவது என்று நான் தீர்மானித்துக் கனகாலம். அவருக்கும் அதைச் சொல்லியிருந்தேன்.

இரண்டு வீட்டுக்கும் சம்மதம். சாதகமும் பொருந்திவிட்டது. மிச்சமிருந்தது மாமி.

மாமி அப்பாவின் அக்கா. எங்கள் பக்கத்தில் யார் யாருக்கு என்ன முறை என்று தீர்ப்புச் சொல்கிறவர் அவர்தான், அவருக்கு மேல் அப்பீல் இல்லை. ஒரு முறை, கலியாணக் காட் அடித்து முடிந்த பிறகு, மாப்பிள்ளையும் பொம்பிளையும் அண்ணன் தங்கச்சி முறை என்று சொல்லிவிட்டார். அந்தக் கலியாணக் காட்டுகளில் அந்த வீட்டார் வருடக்கணக்காகக் கச்சான் கடலை சுற்றினார்கள்.

எங்களுக்கும் இறுப்பிட்டிக்கும் ஒரு பழைய தொடுசல் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது எந்த வழியால் வந்தது என்பது மாமிக்குத்தான் தெரியும். நான் கட்ட இருந்தவர் எனக்கு மச்சான் முறை என்றால் கலியாணம். அண்ணன் முறை என்றால், தமையனைக் காதலித்தவள் என்ற பெருமையோடு நான் தீவில் நடமாட வேண்டியதுதான். கனடாக்காரர் திரும்ப முந்தி இதற்குப் பதில் வேண்டும். அவர்கள் போனால் அடுத்து எப்போது வருவார்களோ, வரும்போது பாதை திறந்திருக்குமோ, யார் கண்டது.

முதல் முறை அவர்கள் மாமி வீட்டுக்கு வந்தபோது மாமி விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்து தொடங்கினார். மாமி மேலிருந்துதான் தொடங்குவார். இன்னாரின் மகன் இன்னார், அவர் கட்டினது இன்னாரின் தங்கச்சி, அவவின் மூத்தவர் இன்னார். ஒவ்வொரு பெயரும் முந்தின பெயரின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வரும். நடுவிலிருந்து தொடங்கச் சொன்னால் அவரால் ஏலாது. இடையில் யாராவது குறுக்கே கதைத்தால் திரும்பவும் ஆதியிலிருந்து.

இரண்டாம் தலைமுறையிலேயே ஒரு பெயர் வரவில்லை. “அவற்ற மகன்... சீ, நாக்கில நிக்குது” என்று மாமி வெற்றிலைத் தட்டை எடுத்தார். கனடா அம்மா பாவம், ஆறுதலுக்கு, “பரவாயில்லை அக்கா, மெல்லமா யோசிச்சுச் சொல்லுங்கோ” என்றார். போச்சு. மாமி வெற்றிலைத் தட்டை மூடிவிட்டு முதல் பூட்டனிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் அதே பெயர் வரவில்லை. இந்த முறை கதை யாரோ ஒருவரின் வேலிச் சண்டைக்குள் இறங்கி, அங்கேயே குடியிருந்து, கடைசி பஸ் வந்து கோர்ன் அடித்தபோதுதான் வெளியே வந்தது. மாமி வலு சந்தோசமாக, “மிச்சத்துக்கு இன்னொரு நாள் வாங்கோவன்” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்குப் பானை சட்டியெல்லாம் உடைத்திருப்பேன். பானை சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் சட்டென்று உறைத்தது. இது என் ஆய்வல்லவா. பிரிக்க ஏலாத வேலை, ஒற்றை ஆள், தூரத்தில் கிடக்கிற மெமரி. மாமிக்கு முன்னால் ஒரு துணையாளை ஓடவிட வேண்டும்.

ஆள் வீட்டிலேயே இருந்தார். அப்பாவைப்போல் முன்னுக்கு ஓடுகிற மனிதர் தீவில் கிடையாது. பஸ்சுக்குப் போனால், முந்தின பஸ்சைத் தவறவிட்டவர்களோடு நின்று கதைத்துக்கொண்டிருப்பார். கலியாண வீட்டுக்குப் போனால் பந்தல் போடுகிறவர்களோடு சேர்ந்து பந்தல் போடுவார்.

“அப்பா, மாமி முறை சொல்லேக்கை நீங்கள் முன்னுக்கு ஓட வேணும்.”

“எங்கை ஓடுறது?”

“பேருகளில. கதை வேண்டாம், வேலிச் சண்டை வேண்டாம். ஆர் ஆற்ற மகன் எண்டது மட்டும். மாமிக்குத் தேவைப்பட முந்தி அந்தப் பேர் அவவின்ர காதில விழ வேணும்.”

“நேர சொன்னா அக்கா என்னைக் கொண்டுபோடுவா.”

“நேர சொல்லக்கூடாது. ஆட்டுக்குச் சொல்லுங்கோ.”

மாமி வீட்டு விறாந்தையோடு ஒட்டி ஒரு முருங்கை நின்றது, அதில் ஒரு மறியாடு எப்போதும் கட்டிக் கிடக்கும். அங்கே நின்று சொன்னால் மாமியின் காதுக்குத் தெளிவாகக் கேட்கும். அப்பா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் முன்னுக்கு ஓடுகிற வேலை என்றதும் அவருக்குக் கால் நிற்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர் வீடெல்லாம் போனார். வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுக்கிற கொமினிகேசன் கடையில் இருந்து லண்டன் பெரியப்பாவை நித்திரையால் எழுப்பி, செத்துப்போன சனத்தின் பெயர்களைக் கேட்டார். பெரியப்பா, ஊரில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அழுதாராம்.

நான் அப்பாவுக்குச் சட்டதிட்டம் சொல்லிக்கொடுத்தேன். வலு முந்திச் சொன்னால் மாமி அந்த இடத்துக்கு வரும்போது மறந்துபோவார். கனக்கச் சொன்னால் ஒன்றையொன்று தள்ளிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவு சொல்கிற வேலை மாமிக்கு மட்டும்தான். “நீங்கள் ஆட்டோட நிக்கிறதோட சரி” என்றேன். “ஓம் ஓம்” என்றார்.

கனடாக்காரர் பயணப்பெட்டியெல்லாம் கட்டிவிட்டு, கடைசித் தடவையாக வந்தார்கள். மகனும் வந்திருந்தார், மடிப்புக் கலையாத சேட் ஒன்று போட்டுக்கொண்டு. மாமி கதிரையில் அமர்ந்து தொண்டையைச் செருமினார். அப்பா ஒரு கட்டுக் குழையோடு முருங்கையடியில் தயாராக நின்றார்.

மாமி அந்த இரண்டாம் தலைமுறைக்கு வந்து கொண்டிருக்கும்போதே அப்பா தொடங்கினார். “என்ன, உனக்குத் தெரியுமோ, அந்தக் காலத்தில குளத்தடி வளவில ஒருத்தர் இருந்தவர்” என்று ஆட்டிடம் பெயரைச் சொன்னார். ஆடு குழையைக் கடித்தது. மாமி ஒரு சொட்டும் தயங்காமல், “அவற்ற மகன்” என்று அதே பெயரைச் சொல்லிக்கொண்டு போனார். அடுத்த பெயர் ஆட்டுக்குப் போனது, அடுத்த நிமிடம் மாமியின் வாயால் வந்தது. வெற்றிலைத் தட்டுப் பக்கம் கையே போகவில்லை. வேலிச் சண்டை நடந்த வளவைத் தாண்டும்போதுகூட மாமி உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. என் கம்பஸ் கணினி இப்படி ஒரு நாளும் ஓடியதில்லை. எனக்கென்றால் எழும்பி ஆடவேண்டும் போலிருந்தது.

கனடா அம்மா மெல்ல மகனிடம், “உவர் ஏன் தம்பி ஆட்டுக்கு வம்சம் சொல்லுறார்?” என்று கேட்டது எனக்குக் கேட்டது.

“அவர் அப்பிடித்தான் அம்மா” என்றார் மகன்.

மாமி இறுப்பிட்டிக்கு வந்து சேர்ந்தார். “எங்கட பூட்டன்ர தங்கச்சி இறுப்பிட்டியில கலியாணம் கட்டினவ. அவவைக் கட்டினவர்தான் உங்கட பூட்டன்” என்று கனடா அப்பாவைப் பார்த்துச் சொன்னார். “அவற்ற பேர்...”

அங்கே நின்றார்.

நின்று, கிணற்றடிப் பக்கம் பார்த்து, முகத்தை நிமிர்த்தி நாடியை ஒருக்கால் உயர்த்தினார். கிணற்றடியில் மாமா கத்தரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மாமா கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் குஞ்சு குருமானிலிருந்து எல்லோரும் அவரை மனேச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்களுக்கு மாமா, அப்பாவுக்கு அத்தான். மாமி நாடியை உயர்த்தியதைக் கண்டதும் மாமா செம்பில் தண்ணீர் மொண்டு கொண்டு வந்தார்.

“உதை இப்ப ஆர் கேட்டது?” என்றார் மாமி.

மாமா செம்போடு திரும்பிப் போனார். முருங்கையடியில் அப்பா பரபரப்பாக ஆட்டுக்கு ஒரு பெயர் சொன்னார். மாமி ஆட்டைப் பார்த்து, “அவர் இல்லை” என்றார். அப்பா இன்னொன்று சொன்னார். “அவரும் இல்லை.” அப்பா சைக்கிளில் சேர்த்த பெயரெல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டின் தலையில் கொட்டினார். மாமிக்கு முகம் சிவந்தது. திரும்பவும் கிணற்றடியைப் பார்த்து, இந்த முறை நாடியை இரண்டு தரம் உயர்த்தினார். மாமா திரும்பவும் செம்போடு வந்தார். மாமி செம்பைப் பறித்து, ஒரே மடக்கில் குடித்து, வெறுஞ்செம்பை அவர் கையில் திணித்துவிட்டு, “உங்களோட எல்லாம் மனிசர் கதைக்க ஏலாது” என்று குசினிக்குள் போய்விட்டார்.

நான் பின்னால் போவதற்குள் நடக்கக்கூடாதது நடந்துவிட்டது. அப்பா ஆட்டை விட்டுவிட்டு, கையில் குழையோடு விறாந்தையில் ஏறிவிட்டார்.

“அக்கா சொல்ல வந்தது எனக்கு விளங்கிட்டுது. அக்கா மாறிப்போனா. இறுப்பிட்டிக்குப் போனது பூட்டன்ர தங்கச்சி இல்லை, மகள். அப்ப அந்த வழியால இறங்கினா...” என்று விரல் மடிக்கத் தொடங்கினார். நான் கண்ணைக் காட்டினேன். கையைக் காட்டினேன். “அப்பா, ஆடு” என்றுகூடச் சொன்னேன். முன்னுக்கு ஓடத் தொடங்கினவரை யார் மறிப்பது. மடக்கி மடக்கி வந்ததில் அந்தப் பக்கம் ஒரு தலைமுறை கூடிப்போயிற்று. அப்பா கடைசி விரலைப் பிடித்துக்கொண்டு, தனக்கே நம்பிக்கை வராத குரலில் சொன்னார்.

“அப்ப தம்பி, எங்கட பிள்ளைக்குப் பெறாமகன் முறை. பிள்ளை உமக்குச் சின்னம்மா.”

நான் கட்ட இருந்தவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அந்தப் பழக்கதோசத்தை என்னவென்று சொல்ல, மூத்த ஆளுக்கு மரியாதையாகக் கதிரையை விட்டு எழும்பினார்.

எனக்கு அப்பாவையும் அவரையும் அந்த ஆட்டையும் ஒன்றாகக் கட்டிக் கிணற்றில் போடலாம் போலிருந்தது. கம்பசில் நடந்த அதே கூத்து. துணைக்கு விட்டவர் பெரியவருடைய இடத்தில் ஏறியிருந்து விடை எழுதிவிட்டார். அங்கேயென்றால் கணினியை நிற்பாட்டலாம், இங்கே கனடாக்காரர் எழும்பிவிட்டார்கள். “என்ன செய்யிறது, முறை இல்லாட்டி இல்லைத்தானே” என்றார் அந்த அப்பா. அந்த அம்மா என் கையைப் பிடித்தார். பிடித்த கையை என்ன முறையில் பிடிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார். 

அவர்கள் படலைக்குப் போகும்போது மாமா எதிரே வந்தார். செம்போடுதான். அந்த வீட்டில் என்ன நடந்தாலும் அவருக்குத் தெரிந்த பரிகாரம் தண்ணீர் ஒன்றுதான். கனடா அப்பா மரியாதையான மனிதர். அந்த நிலைமையிலும் செம்பை வாங்கிக் குடித்துவிட்டு, “அண்ணை, எல்லாரும் மனேச்சர், மனேச்சர் எண்டுதான் சொல்லுகினம். உங்கட பேரைக் கேக்க மறந்துபோனன்” என்றார்.

மாமா தன் பெயரைச் சொன்னார்.

குசினிக்குள் ஏதோ விழுந்து உருண்டது. மாமி அகப்பையோடு வெளியே வந்தார்.

“அதைத்தானே நான் அப்ப தொட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறன்.”

“எங்கை அக்கா சொன்னனீங்கள்?” என்றார் அப்பா.

“நாடியால காட்டினனான்தானே. அதுக்கு மேல நான் என்னெண்டு சொல்லுறது? உனக்கு உன்ர அத்தான்ர பேர் தெரியாதோ? ஆட்டுக்கு ஊரில இல்லாத பேரெல்லாம் சொல்லுறாய், இந்தப் பேர் ஒண்டு வாயில வரேல்லை.”

அந்தப் பூட்டனுக்கும் மாமாவுக்கும் ஒரே பெயர். புருசனின் பெயரைச் சொல்லாத வாய், அந்தப் பெயர் கொண்ட வேறு எவரின் பெயரையும் சொல்லாது. எத்தனையோ கலியாணங்களுக்கு முறை பார்த்த மாமிக்கு, அந்த ஆள் வழியால் இறங்கவேண்டிய தேவை அதுவரை வந்ததில்லை. மாமா முழுக்க மனேச்சராகிவிட்டபடியால் எங்களில் ஒருவருக்கும் அவருடைய பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை. மறதிக்கு மருந்து தேடி நான் ஆட்டை எல்லாம் ஏற்பாடு செய்தேன். மாமிக்கு அந்தப் பெயர் ஒரு நாளும் மறக்கவில்லை.

கனடா அப்பா படலையைப் பிடித்தபடி நின்றார். “இப்பதான் ஞாபகம் வருது, எங்கட பெரியண்ணைக்கும் உந்தப் பேர்தான். பூட்டன்ர பேரை வைச்சதெண்டு அம்மா சொல்லுறவ” என்றார்.

“பேந்தென்ன, வந்து இருங்கோ” என்றார் மாமி.

எல்லோரும் திரும்பவும் இருந்தோம். மாமி முதல் பூட்டனிலிருந்து தொடங்கினார். வெளியே பஸ் வந்து கோர்ன் அடித்துவிட்டுப் போனது, ஒருவரும் அசையவில்லை. அப்பாவை ஆட்டோடு நிற்கச் சொல்லியிருந்தது, வாயைத் திறக்காமல். மாமியின் கதிரைக்குப் பக்கத்தில் மாமாவை நிறுத்தியிருந்தது, செம்பில்லாமல். அந்த இடம் வந்ததும் மாமி நின்று நாடியை உயர்த்தினார். மாமா, பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிட்டதுபோல் நிமிர்ந்து, தன் பெயரைச் சொன்னார். மாமி தலையைக் குனிந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். அந்த வயதில் அவருக்கு வெட்கம் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பிறகு, “அவற்ற மகன்” என்று தொடர்ந்து, தலைமுறை தலைமுறையாக இறங்கி எங்கள் இரண்டு பேரிடமும் வந்து சேர்ந்தார்.

“மச்சான் முறை. இதில என்ன கேள்வி” என்றார்.

மச்சான் என்றதும் என்னைக் கட்டப்போகிறவர் கதிரையில் வடிவாகச் சாய்ந்து இருந்தார். கனடா அம்மா திரும்ப வந்து என் கையைப் பிடித்தார், இந்த முறை விடவில்லை.

லீவு முடிந்து போய், என் துணையாளுக்கு இனி விடைப் பக்கம் கை வைக்க ஏலாதபடி கட்டுப் போட்டேன். அளவாகத்தான் முன்னுக்கு ஓடலாம் என்றும் ஒரு கயிறு கட்டினேன். வேலை வேகமாக ஓடத் தொடங்கியது. இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று விரிவுரையாளர் கேட்டார். “வீட்டில ஆடு வளர்க்கிறம், சேர்” என்றேன்.

கலியாணம் முடிந்தது. எனக்குக் கோபம் வந்தால் அவர் இன்றைக்கும் “சரி, சின்னம்மா” என்று கதிரையை விட்டு எழும்பி நிற்பார். நானும் கம்பசில் அவரை ஊர் கேட்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள்தான். கலியாணத்துக்குப் பிறகு மாமிக்கு முன்னால் வேண்டாமே என்று ‘இஞ்சாருங்கோ’ என்று கூப்பிடத் தொடங்கினேன். மாமி இல்லாத இடத்திலும் அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. பழங்காலத்துச் சனம் புருசன் பெயரைச் சொல்லத் தயங்குவதை வைத்து எத்தனை பேரைச் சிரிக்கவைத்திருக்கிறேன்.

பிள்ளை பிறந்த பிறகு அவனைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். அவர் வெளியே மோட்டார் சைக்கிளை நிழலில் விட்டுக்கொண்டிருந்தார். மேசையில் இருந்த நேர்ஸ் நிமிர்ந்து பார்க்காமலே, “பிள்ளையின்ர தகப்பன்ர பேர்?” என்று கேட்டார். சொல்ல வாயைத் திறந்தேன். பெயர் அங்கேதான் இருந்தது, நாக்கு நுனியில், முழுசாக. பின்னுக்கு வரிசையில் நின்ற சனம் பார்த்துக்கொண்டிருந்தது. நேர்ஸ் நிமிர்ந்து, “என்னம்மா, மறந்துபோனீங்களோ?” என்றார். நான் யன்னலால் அவரைப் பார்த்து நாடியை உயர்த்தினேன்.

அவர் தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தார்.